தும்மினா வர்ற பூதம்: 1969 ஒரிஜினலா, 2020-ல வந்ததா, இல்ல டோரேமானே போதுமா?

பழைய ஜப்பான் காமெடி கார்ட்டூன் ஏதாவது பசங்களுக்குப் போட்டுக் காட்டலாம்னு கேக்கிறவங்க கிட்ட நான் முதல்ல சொல்ற பேரு ஹகுஷோன் டைமாவோ. பேரைச் சொன்ன உடனே அடுத்த கேள்வி, அதுல எதைப் பார்க்கிறது? ஏன்னா இது ஒண்ணே ஒண்ணு இல்ல. 1969-ல வந்த ஒரிஜினல் இருக்கு, 2001-ல பூதத்தோட பொண்ண மட்டும் தனியா பிரிச்சு பண்ணின தொடர் இருக்கு, 2020-ல வந்த தொடர்ச்சி இருக்கு, நடுவுல 2013-ல நிஜ ஆளுங்கள வெச்சு ஒரு டிவி ஸ்பெஷல் கூட வந்துச்சு (அத இந்தக் கணக்குலயே சேர்க்கல, மனுஷன் பூத வேஷம் கட்டினா அது வேற சங்கதி). இதெல்லாம் போக, எதுக்கு இவ்வளவு தேடிக்கிட்டு, பேசாம டோரேமானே போட்டு விட்டுடலாமேன்னு ஒரு நியாயமான கேள்வியும் இருக்கு. அதையும் சேர்த்தே பார்த்துடலாம்.

தெரியாதவங்களுக்கு கதை சுருக்கமா. கான்சான்னு ஒரு ஸ்கூல் பையன். அவங்க வீட்டுல கிடந்த ஒரு பழைய ஜாடி. யாராவது தும்மினா அந்த ஜாடிக்குள்ள இருந்து டைமாவோ, அதாவது பெரிய பூதராஜா, தொப்பையும் மீசையுமா "கூப்பிட்டீங்க, குதிச்சு வந்துட்டேன், ஜஜஜஜான்"னு கத்திக்கிட்டு வெளிய வருவார். தும்மினவங்கதான் எஜமான், அவங்க சொன்னத செஞ்சே ஆகணும், இதுல வேற பேச்சே கிடையாது. மறுபடி தும்மினா திரும்ப ஜாடிக்குள்ள போயிடணும். இவருக்கு ஒரு பொண்ணு, அக்குபி. அவ கொட்டாவி விட்டா வருவா. அப்பா தும்மல், பொண்ணு கொட்டாவி, ஜப்பானிய மொழில பேருக்கே அர்த்தம் அதுதான். அப்பாவுக்கு கணக்கு சுத்தமா வராது, எண்ணுன்னு சொன்னாலே தடுமாறுவார், சாப்பாட்டுல ஹம்பார்குங்கிற கறி ஐட்டம் மேல உசிரு. பொண்ணு அவரை விட கெட்டிக்காரி, அவரை விட குறும்பு.

இந்த தும்மல் விஷயத்த சாதாரணமா நினைச்சுடாதீங்க, மொத்த காமெடியும் இதுலதான் நிக்குது. விளக்கைத் தேய்ச்சா பூதம் வர்ற கதைல விளக்கு யார் கைல இருக்கோ அவன் கைல பவர் இருக்கும், அவனா நினைச்சாத்தான் தேய்ப்பான். தும்மல் அப்படியா? வேணும்னு மூக்கைக் குடைஞ்சாலும் வராது, வேண்டாம்னு மூச்சைப் பிடிச்சாலும் நிக்காது. பூதம் கான்சான் வீட்டு பூதம்தான், ஆனா பக்கத்துல நிக்கிற எவனாவது ஒருத்தன் தும்மிட்டான்னா அந்த நிமிஷத்துல இருந்து பூதம் அவனுக்கு வேலைக்காரன். ஆசைப்பட்டது நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு தும்மல் வந்தா பூதம் பாதியில அம்போன்னு விட்டுட்டு ஜாடிக்குள்ள. எல்லாம் முடிஞ்சு நிம்மதியா உக்காரும்போது ஒரு கொட்டாவி, அவ்வளவுதான், பொண்ணு வந்து நிப்பா. எழுதினவங்களுக்கு இதை விட நல்ல இயந்திரம் கிடைக்குமான்னு தெரியல, கதைக்கு எங்க திருப்பம் வேணுமோ அங்க யாரையாவது தும்ம வெச்சா போதும்.

இத எடுத்தது தட்சுனோக்கோ கம்பெனி. 1962-ல தட்சுவோ யோஷிடா தன் தம்பிங்களோட ஆரம்பிச்சது. வெளிநாட்டுல ஸ்பீட் ரேசர்னு ஓடுச்சே அந்த ரேஸ் கார் கார்ட்டூன், அதுவும் 1967-ல இவங்க எடுத்ததுதான். ஆனா காரும் சண்டையும் ஒரு பக்கம் ஓடும்போதே இன்னொரு பக்கம் சிரிப்புக் கார்ட்டூனுக்குன்னே ஒரு வரிசை வெச்சிருந்தாங்க, அதுல மூளையா இருந்தவர் ஹிரோஷி சசகாவா, முன்னாடி காமிக்ஸ் ஜாம்பவான் தெசூக்கா கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்தவர். டைமாவோவுக்கும் இவர்தான் டைரக்டர். பின்னாடி இதே கம்பெனி யாட்டர்மேன் மாதிரி கிறுக்குத்தனமான தொடர்கள் எடுத்தப்பவும் இவர் இருந்தார், அந்த கிறுக்குக்கு ஒத்திகை பார்த்த இடம்னு டைமாவோவ சொல்லலாம்.

1969 அக்டோபர் 5, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 6 மணி, ஃபுஜி டிவி. முதல் எபிசோட். அது முடிஞ்ச உடனே 6:30-க்கு அதே சேனல்ல, அதே நாள்ல இன்னொரு கார்ட்டூனும் முதல் முதலா ஆரம்பிச்சுது, சசாயே-சான். அது இன்னிக்கும் ஓடுது, உலகத்துலயே ரொம்ப காலமா ஓடுற டிவி கார்ட்டூன்னு கின்னஸ்ல இருக்கு. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா டைமாவோல அக்குபிக்கு குரல் குடுத்த தக்காக்கோ சசுகாதான் சசாயே-சான்ல வர்ற குட்டிப் பையன் தராவுக்கும் குரல், 2023-ல அவங்க சாகுற வரைக்கும் அந்தக் குட்டிப் பையன் அவங்கதான். ஜப்பான்ல ஒரு தலைமுறை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரே பொம்பளையோட குரல்ல அரை மணி நேரம் பூதப் பொண்ணையும் அடுத்த அரை மணி நேரம் சின்னப் பையனையும் கேட்டுக்கிட்டு சோறு தின்னுருக்கு, பாதி பேருக்கு அது ஒரே ஆளுன்னு தெரிஞ்சிருக்காது.

சரி, விஷயத்துக்கு வரேன். டோரேமானா டைமாவோவா?

ரெண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்துல பொறந்தது. டோரேமான் காமிக்ஸ் 1970 ஜனவரி இதழ்ல ஆரம்பிக்குது, அதாவது டைமாவோ டிவில வந்து ரெண்டு மூணு மாசத்துல. சோம்பேறிப் பையன், அவன் வீட்டுல வந்து ஒட்டிக்கிட்ட ஒரு அதிசய ஆசாமி, அந்த ஆசாமிக்கு ஒரு தீனிப் பைத்தியம் (அங்க டோராயாக்கிங்கிற இனிப்பு, இங்க ஹம்பார்கு), ஒரு பயம் (அங்க எலி, இங்க கணக்கு). மேலோட்டமா பார்த்தா ரெட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்கும். ஆனா தப்பு எங்க நடக்குதுன்னு பாருங்க. டோரேமான் பையில இருந்து எடுக்கிற சாமான் பெரும்பாலும் ஒழுங்காத்தான் வேலை செய்யும். அந்தப் பையன் நோபிடாதான் அத வெச்சு பேராசைப்பட்டு, பீத்திக்கிட்டு, கடைசில அடி வாங்குவான். அதனால ஒவ்வொரு கதை முடியும்போதும் பையனுக்கு ஒரு குட்டு விழுது, பார்க்கிற பையனுக்கும் சேர்த்து. டைமாவோல அப்படி இல்ல. கேக்கிறவன் கேட்டது பெரும்பாலும் சாதாரண ஆசை, செய்யுறவருக்குத்தான் செய்யத் தெரியாது. இவ்வளவு பெரிய உருவம், இவ்வளவு சக்தி, பேரே பூதராஜா, ஆனா ஒரு கூட்டல் போடத் தெரியாது, சொன்னது ஒண்ணு செய்யுறது ஒண்ணு, கெடுத்துட்டு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பார்.

சின்னப் பசங்களுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம்னு பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான் தெரியும். நாள் பூரா பெரியவங்க கிட்ட உனக்கு இது தெரியல அது தெரியலன்னு கேட்டுட்டு வர்ற பசங்க. இங்க ஒரு பெரிய மனுஷனுக்கே ஏழும் எட்டும் எவ்வளவுன்னு தெரியல! டோரேமான் பார்த்தா சிரிப்பு நோபிடா மேல, அதாவது தன் வயசுப் பையன் மேல. டைமாவோ பார்த்தா சிரிப்பு பெரியவங்க மேல. என்னோட ஓட்டு டைமாவோவுக்குப் போறதுக்கு முக்கியமான காரணமே இதுதான், மத்ததெல்லாம் அப்புறம்.

அதுக்காக டோரேமான் மட்டம்னு சொல்ல வரல. 1979-ல இருந்து ஆசாஹி டிவில ஓடுற தொடர், அதுல கதைங்க எண்ணிக்கையே தலை சுத்தும், ஒரு சாமானுக்கு ஒரு கதைன்னு ஐடியாவுக்குப் பஞ்சமே இல்ல. டைமாவோ 52 வாரத்துல முடிஞ்சுது, 1970 செப்டம்பர்ல. வாரத்துக்கு ரெண்டு குட்டிக் கதை, ஆக 104. ஐடியா பலத்த வெச்சுப் பார்த்தா டோரேமான்தான் ஜெயிக்கும். அதுவும் தமிழ் பேசுற டோரேமான நம்ம பசங்க ஏற்கனவே டிவில பார்த்து வளர்ந்தவங்க, புதுசா பழக வேண்டிய வேலையே இல்ல.

இப்ப 1969 ஒரிஜினல பத்தி கொஞ்சம் நிதானமா. இதோட பெரிய பலம் வேகமும் உடம்பும். டைமாவோ ஒரு உருண்டை, அவர் விழுறது, நசுங்குறது, ஓடுறது, அழுறது எல்லாமே படத்துலயே சிரிப்பு, வசனம் புரியணும்னு அவசியமே இல்லாத இடங்கள் நிறைய. இத்தாலில இதுக்கு வெச்ச பேருல தொப்பை மந்திரவாதின்னே வரும், சும்மா வெக்கல. குரல் குடுத்தவர் தோரு ஓஹிரா, ஜப்பான்ல சூப்பர்மேன் டிவி தொடருக்கும் பின்னாடி டார்த் வேடருக்கும் டப்பிங் பேசின கணீர்க் குரல். அப்படிப்பட்ட கம்பீரமான குரல வெச்சு ஒரு தொப்பைப் பூதத்த அழ வைக்கணும்னு நினைச்சாங்க பாருங்க, அங்கதான் பாதி காமெடி முடிஞ்சுது. ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் பழைய காலத்து ராஜா வீட்டுப் பேச்சு மாதிரி ஒரு இழுவை வேற போடுவார், ஜப்பானிய மொழி தெரியாட்டியும் அந்த இழுவை காதுல ஒட்டிக்கும்.

அப்புறம் "அப்புறம்?" மாமா. கதையோட சம்பந்தமே இல்லாம நடுவுல வந்து யார் என்ன சொன்னாலும் "அப்புறம்? அப்புறம் என்னாச்சு?"னு தோண்டித் தோண்டிக் கேக்கிற ஒரு ஆளு. நம்ம தெருவுலயும் இப்படி ஒருத்தர் இருப்பார்னு எல்லாருக்கும் தோணும். இந்த மாதிரி சும்மா வந்து போற ஆளுங்கள வெச்சு சிரிக்க வைக்கிற தைரியம் பின்னாடி வந்த தொடர்கள்ல எனக்குத் தெரிஞ்சு குறைஞ்சு போச்சு.

ஹம்பார்கு பத்தியும் ஒரு வார்த்தை, இது பர்கர் இல்ல, பன் கிடையாது, அரைச்ச கறிய தட்டிப் போட்டு சாஸ் ஊத்தி தட்டுல வைக்கிறது. டோக்கியோ கின்சால ஜப்பானோட முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்ததே 1971 ஜூலைலதான், அப்ப இந்தத் தொடர் முடிஞ்சே பல மாசம். அந்தக் காலத்துப் பசங்களுக்கு ஹம்பார்குன்னா வீட்டுல அம்மா எப்பவாவது பண்ற ஸ்பெஷல் ஐட்டம், அதுக்கு ஒரு பூதராஜா நாக்க தொங்கப் போடுறார்னா அவர் நம்ம ஆளுதான்னு பசங்களுக்கு ஒட்டிக்கிட்டிருக்கும். சப்டைட்டில்ல பர்கர்னு போட்டா படத்துல தட்டுல இருக்கிறது வேற என்னமோன்னு புள்ளைங்க கேக்கும், முன்கூட்டியே சொல்லி வெச்சுடுங்க.

குறையும் இருக்கு. வரிசையா பார்த்தா சீக்கிரம் அலுத்துடும், தும்மல், ஆசை, சொதப்பல், தும்மல்னு ஒரே தடம். வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம்னு பார்க்கச் செஞ்சத நாம ஒரே மூச்சுல பார்த்தா அது அவங்க தப்பில்ல. அரை நூற்றாண்டுக்கு மேல ஆன சரக்குன்னும் ஞாபகம் இருக்கட்டும், தலைல நங்குன்னு போடுறது, குண்டா இருக்கிறத வெச்சு சிரிக்கிறது, பொண்ணு பையன் பத்தின பழைய நெனப்பு எல்லாம் அங்கங்க எட்டிப் பார்க்கும், இத பெரியவங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கணும். படமும் பழைய கோடு, பழைய கலர், இன்னிக்கு பளபளப்புக்குப் பழகின கண்ணுக்கு முதல்ல கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும்.

2020-ல வந்தத எப்படி எடை போடுறது? ஒரிஜினலோட கடைசில டைமாவோவும் அக்குபியும் 100 வருஷத் தூக்கத்துக்குப் போயிடுவாங்க. அந்தக் கணக்குல பாதிதான் ஆகியிருக்கு, 50 வருஷத்துல அக்குபி எழுந்து மனுஷங்க உலகத்துக்கு வந்துடுறா, கான்சானோட பேரன் கான்தாரோ வீட்டுக்கு. அடுத்த பூதராணி ஆகுறதுக்கு அவளுக்குப் பயிற்சி, அந்தப் பையனோட கனவ நிறைவேத்திக் குடுக்கணும். சிக்கல் என்னன்னா பையனுக்கு கனவே இல்ல. எதுவும் பெருசா வேணும்னு இல்ல அவனுக்கு. தாத்தா காலத்துல ஆசை இருந்துச்சு, செஞ்சு குடுக்கத் தெரியல. பேரன் காலத்துல செஞ்சு குடுக்க ஆள் ரெடி, கேக்கிறவனுக்கு என்ன வேணும்னே தெரியல. இந்த ஒரு மாத்தத்துக்காகவே எனக்கு அந்தத் தொடர் மேல மரியாதை, பழசோட பேர வெச்சு காசு பார்க்கணும்னு மட்டும் நினைச்சிருந்தா இப்படி யோசிச்சிருக்க மாட்டாங்க. தும்மல், கொட்டாவி போதாதுன்னு பூத்தான்னு புதுசா ஒரு தம்பிப் பூதத்தையும் சேர்த்தாங்க, அவன் எதுக்கு வருவான்னா குசு விட்டா வருவான். வேற என்ன சொல்ல, எந்த ஊர்ப் புள்ளையா இருந்தாலும் விழுந்து புரண்டு சிரிக்கும்.

குரல் விஷயத்துல இங்கயும் ஒரு நல்ல சேர்க்கை. ஓஹிரா 2016-ல போயிட்டார், அவர் இடத்துக்கு வந்தவர் கோய்ச்சி யாமாதேரா. டிஸ்னி அலாவுதீன் படத்துல வர்ற அந்த நீலப் பூதத்துக்கு ஜப்பானிய குரல் இவர்தான். விளக்கு பூதமா பேசின ஆளே ஜாடி பூதமாவும் வந்து நிக்கிறார். வரைஞ்சது தட்சுனோக்கோ மட்டும் இல்ல, சிபி மாருக்கோங்கிற கார்ட்டூன எடுத்த நிப்பான் அனிமேஷன் கம்பெனியும் கூட சேர்ந்தது, அதனால படம் வழவழன்னு மென்மையா இருக்கும். ஆனா அந்த மென்மைதான் எனக்கு இடிக்குது. டைமாவோ இங்க கொஞ்சம் அடங்கிப் போன அப்பா, கதை அக்குபி கைக்குப் போயிடுச்சு, கனவு கினவுன்னு அங்கங்க நெஞ்சைத் தொடணும்னு ஒரு முயற்சி தெரியுது. பழசுல அந்தக் கவலையே கிடையாது, சிரிக்க வெச்சாங்க, போனாங்க. ஏப்ரல்ல ஆரம்பிச்ச தொடர், கொரோனா நேரத்துல நடுவுல நின்னு மறுபடி ஓடி அதே வருஷம் முடிஞ்சுது, அதனால எண்ணிக்கையும் கம்மி, சீக்கிரம் பார்த்து முடிச்சுடலாம். நேரம் இல்லாதவங்களுக்கு இது ஒரு சௌகரியம்.

2001-ல வந்த அக்குபி தனித் தொடர பத்தி நிறைய சொல்ல எதுவும் இல்ல. அழகா இருக்கும், குட்டிப் பசங்க ரசிப்பாங்க, பொண்ணுதான் நாயகி. தொப்பை ராஜாவோட அந்தப் பெரிய சொதப்பல் மையமா இல்லாதப்ப எனக்கு சுவாரசியம் பாதியாயிடுது. அக்குபிய ஏற்கனவே பிடிச்சுப் போன புள்ளைக்கு மூணாவதா போட்டுக் காட்டலாம், முதல்ல இத போடாதீங்க.

மொழிதான் நடைமுறைச் சிக்கல். இந்த மூணுல எதை எடுத்தாலும் பெரும்பாலும் ஜப்பானிய ஆடியோ, கீழ சப்டைட்டில்னுதான் பார்க்க வேண்டி வரும். எட்டு வயசுக்குக் கீழ இருக்கிற புள்ளைக்கு ஓடுற எழுத்த படிச்சு முடிக்க முடியாது, பக்கத்துல ஒருத்தர் உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வரணும். ஒரிஜினல் இதுக்கு நல்லா ஒத்துப்போகும், ஏன்னா நான் சொன்ன மாதிரி பாதி சிரிப்பு உடம்புல இருக்கு, ஒரு கதை பத்துப் பதினோரு நிமிஷத்துல முடிஞ்சுடும், "இப்ப அவன் தும்மிட்டான், அதனால இவர் போயாகணும்"னு ஒரு வரி சொன்னா போதும். 2020 தொடர்ல பேச்சு அதிகம், கனவு இருக்கா இல்லையாங்கிற விஷயத்த மொழிபெயர்த்து சொல்றதுக்குள்ள அடுத்த சீன் போயிடும்.

அதனால என் முடிவு இப்படி. புள்ளைக்கு அஞ்சாறு வயசு, நீங்களும் கூட உக்காரப் போறீங்கன்னா 1969-தான், முதல் எபிசோட்ல ஆரம்பிங்க, அதுக்கப்புறம் வரிசை முக்கியமே இல்ல, எங்க வேணும்னாலும் எடுத்து நாளைக்கு ஒரு கதைன்னு போடுங்க, கடைசி எபிசோட மட்டும் கடைசிக்கு வெச்சுக்குங்க, அது மத்ததுங்க மாதிரி இல்ல, கலங்க வெச்சுடும். தானா சப்டைட்டில் படிக்கிற பத்து வயசுப் பிள்ளைன்னா 2020-ல ஆரம்பிச்சாலும் தப்பில்ல, பழசு பார்க்காமயே புரியும், அந்த வயசுல கான்தாரோ மாதிரி எதுலயும் பிடிப்பில்லாத மூஞ்சிய நீங்களே வீட்டுல பார்த்திருப்பீங்க. பெரியவங்க தனக்காகப் பார்க்கிறதா இருந்தா பழசுல ஒரு இருபது கதை, அப்புறம் அந்தக் கடைசி எபிசோட், அதுக்கு அப்புறம் 2020, இந்த வரிசைதான், அந்தப் பிரிவ பார்த்துட்டு வந்தாத்தான் பொண்ணு திரும்பி வர்றது உரைக்கும். கூட உக்கார யாருக்கும் நேரம் இல்ல, சமைக்கிற நேரத்துக்கு புள்ளை ஒரு இடத்துல இருந்தா போதும்னா யோசிக்கவே வேண்டாம், தமிழ்ல பேசுற டோரேமானையே போட்டு விடுங்க.